அம்மாவின் டாக்டருக்கு மகளையும் தெரிய வேண்டும்

லண்டனில் ஈஸ்ட் ஹாம், ஹரோ, டூட்டிங் என்று தமிழர்கள் நிறைந்த எந்தப் பகுதியின் ஜி.பி. (குடும்ப டாக்டர்) சர்ஜரியிலும் காலை வேளையில் இதைப் பார்க்கலாம். ஒரு பெயரை அழைப்பார்கள், இரண்டு பேர் எழுவார்கள். ஒருவர் வயதான தாய், மற்றவர் மகளோ மருமகளோ. உள்ளே போனதும் பேசுவது இரண்டாமவர்தான். எந்த மாத்திரை எத்தனை மில்லிகிராம், காலில் வீக்கம் எப்போது தொடங்கியது, இரவில் எத்தனை தடவை எழுந்தார், சுகர் எவ்வளவு என்று எல்லாம் அவர் நாவில் இருக்கும். டாக்டர் கேள்வி கேட்பதும் அவரிடம்தான். அடுத்து என்ன செய்யவேண்டும் என்று சொல்லி அனுப்புவதும் அவரிடம்தான்.

இப்படி அவர் வருடக்கணக்கில் அந்த அறைக்கு வந்துபோயிருப்பார். ஆனால் அவருடைய சொந்த மருத்துவப் பதிவைத் திறந்து பார்த்தால், வீட்டில் நோயாளி ஒருவரை இவர் பராமரிக்கிறார் என்ற ஒரு வரி பெரும்பாலும் அதில் இருக்காது. தாயின் பதிவிலும் ‘உடன் மகள் வந்தார்’ என்பதற்கு மேல் எதுவும் இருக்காது. இங்கிலாந்தின் மருத்துவ சேவையான என்.எச்.எஸ். பராமரிப்பவர்களுக்கு என்று வைத்திருக்கும் உதவிகளில் பல, இந்த ஒரு வரியிலிருந்துதான் தொடங்குகின்றன. அந்த வரி இல்லாதவருக்கு அவை இருப்பதே தெரியவராது.

2021 குடிசனக் கணக்கெடுப்பின்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 50 லட்சம் பேர் சம்பளம் வாங்காமல் யாரையாவது பராமரிக்கிறார்கள். ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் கிட்டத்தட்ட நூற்றுக்கு ஒன்பது பேர் இவர்கள். வாரம் 50 மணி நேரத்துக்கும் மேல் இதில் செலவிடுகிறவர்கள் மட்டும் சுமார் 15 லட்சம். முழுநேர வேலைக்குப் போகிறவர் வாரத்தில் உழைப்பதைவிட இது அதிகம். இங்கிலாந்தின் சராசரி சர்ஜரி ஒன்றில் பத்தாயிரம் பேர் பதிந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால், அவர்களில் எண்ணூறு பேருக்கு மேல் பராமரிப்பவர்களாக இருக்கவேண்டும். ஆனால் சர்ஜரிகளைச் சோதனையிடும் சி.க்யூ.சி.யின் அறிக்கைகளைப் புரட்டினால், நூற்றுக்கு ஒருவர், இருவர் என்ற அளவில்தான் பல இடங்களில் அடையாளம் கண்டு பதிந்திருக்கிறார்கள்.

மீதிப்பேர் ஏன் பதிவில் இல்லை? ஒரு காரணம் நம் பக்கம் இருக்கிறது. பெற்ற தாயைப் பார்த்துக்கொள்வதைப் போய் ஓர் அலுவலகத்தில் எழுதிக்கொடுப்பதா என்ற கூச்சம் பலருக்கு உண்டு. கணவருக்குப் பக்கவாதம் வந்து ஆறு வருடம் அவரைக் குளிப்பாட்டி உடுத்திவிட்ட மனைவி, தான் எதுவும் விசேஷமாகச் செய்வதாக நினைக்கமாட்டார். ‘சோஷியல் சர்வீஸ்’ என்ற பேச்சை எடுத்தாலே வீட்டுக்குள் யாராவது நுழைந்து கேள்வி கேட்பார்கள், அம்மாவை ஹோமுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயமும் இருக்கிறது. இந்தப் பயத்தை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. புதிய நாட்டில் படிவங்களுக்குப் பயந்தே பல வருடங்கள் வாழ்ந்தவர்களின் பயம் அது. ஆனால் சர்ஜரியில் பராமரிப்பவர் என்று பதிவதால் யாரும் வீட்டுக்கு வந்து நிற்கமாட்டார்கள். அது மருத்துவப் பதிவில் சேரும் ஒரு குறிப்பு மட்டுமே.

மற்றக் காரணம் சர்ஜரிகளின் பக்கம் இருக்கிறது. என் பார்வையில் பெரிய காரணமும் அதுதான். பத்து நிமிடத்தில் நோயாளியின் நான்கு நோய்களைக் கவனிக்கவேண்டிய டாக்டர், பக்கத்து நாற்காலியில் இருப்பவரை ஏறிட்டுப் பார்க்க நேரமில்லாமல் போகிறார். பராமரிப்பவர்களுக்கு எவற்றைச் செய்தால் நல்ல சர்ஜரி எனலாம் என்று என்.எச்.எஸ். இங்கிலாந்து 2019-இல் ஒரு தர வரையறையை வெளியிட்டது. அவர்களை அடையாளம் காண்பது, பட்டியல் வைப்பது, அவர்களின் உடல்நலத்தைக் கவனிப்பது, நேரம் ஒதுக்குவதில் நெகிழ்வு காட்டுவது எல்லாம் அதில் இருக்கின்றன. ஆனால் அது கட்டாயம் அல்ல. அக்கறையுள்ள ஒரு மேனேஜரோ நர்ஸோ இருக்கும் சர்ஜரியில் நன்றாக நடக்கிறது. இல்லாத இடத்தில் காத்திருப்பு அறைச் சுவரில் ஒரு போஸ்டர் தொங்குவதோடு சரி.

பதிவது எளிது. ரிசப்ஷனில் படிவம் கேட்கலாம், சர்ஜரியின் இணையதளத்திலும் பெரும்பாலும் இருக்கும். படிவமே இல்லை என்றாலும் வாயால் சொன்னால் போதும்: “என் அம்மாவை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அதை என் பதிவிலும் அவர் பதிவிலும் குறித்துக்கொள்ளுங்கள்.” இரண்டு பதிவு என்பது முக்கியம். தாயும் மகளும் வேறு வேறு சர்ஜரியில் பதிந்திருந்தால் இரண்டு இடத்திலும் சொல்லவேண்டும். தாயின் பதிவில் இருப்பது, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது, யாருடைய உதவியோடு இவர் வாழ்கிறார் என்பதைக் காட்டும். மகளின் பதிவில் இருப்பதுதான் மகளுக்குப் பயன்படும்.

அது எப்படிப் பயன்படும்? உடனே கண்ணுக்குத் தெரிவது ஃப்ளூ ஊசி. வயதான அல்லது உடல்நலம் குன்றிய ஒருவரின் முக்கியப் பராமரிப்பாளராக இருந்து, நீங்கள் படுத்துவிட்டால் அவர் பாடு திண்டாட்டம் என்றால், உங்கள் வயது 40 ஆனாலும் இலையுதிர்காலத்தில் போடும் ஃப்ளூ ஊசி இலவசம். கொரோனா காலத்தில் இந்தப் பதிவின் மதிப்பு இன்னும் நன்றாகத் தெரிந்தது. 2021 தொடக்கத்தில் தடுப்பூசி வரிசையில் பராமரிப்பவர்களை ஆறாவது குழுவில் சேர்த்தபோது, சர்ஜரியின் பதிவில் இருந்தவர்களுக்கு அழைப்பு எளிதாகப் போனது. பதியாதவர்கள் தாங்களும் அந்தக் குழுதான் என்று அப்போதுதான் எடுத்துச் சொல்லவேண்டியிருந்தது.

நேரம் ஒதுக்குவது இரண்டாவது. தாயைத் தனியே விட்டுவிட்டுக் காலை எட்டு மணிக்குப் போனில் வரிசையில் நிற்க முடியாத ஒருவருக்கு, பகல் நேரப் பராமரிப்பு நிலையத்துக்கு அம்மா போகும் நாளில் அப்பாயிண்ட்மெண்ட் தருவது, இருவருக்கும் அடுத்தடுத்து நேரம் கொடுப்பது, நேரில் வரமுடியாவிட்டால் போனில் பேசுவது எல்லாம் சர்ஜரியால் செய்யக்கூடியவை. பதிவில் குறிப்பு இருந்தால் ரிசப்ஷனில் இருப்பவர் திரையிலேயே அதைப் பார்ப்பார். ஒவ்வொரு தடவையும் வீட்டுக் கதையைத் திரும்பச் சொல்லத் தேவையில்லை.

இதையெல்லாம்விடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. பராமரிப்பவரும் ஒரு நோயாளியாக இருக்கலாம் என்று டாக்டருக்கு உறைப்பது. தூக்கி இறக்கியே இடுப்பு போனவர்கள், இரவு நாலு தடவை எழுந்து எழுந்து ரத்த அழுத்தம் ஏறியவர்கள், தன் ஸ்மியர் டெஸ்ட் கடிதத்தை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு அம்மாவின் கண் ஆஸ்பத்திரித் தேதியை மட்டும் கவனமாகக் காலண்டரில் குறித்தவர்கள் நம்மிடையே ஏராளம். தெற்காசியர்களுக்குச் சர்க்கரை நோயும் இதய நோயும் மற்றவர்களைவிடச் சீக்கிரமாகவும் அதிகமாகவும் வருகின்றன. தாய்க்கு இன்சுலின் போடும் மகளுக்கே சர்க்கரை தொடங்கியிருக்கலாம். இங்கிலாந்தில் 40 முதல் 74 வயது வரையானவர்களுக்கு, ஏற்கெனவே சில நோய்கள் கண்டறியப்படாமல் இருந்தால், ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை இலவச உடல்நலப் பரிசோதனை உண்டு. அதற்கு அழைப்பு வரும்போது, ‘இப்போது நேரமில்லை’ என்று தள்ளிப்போடும் முதல் ஆள் பராமரிப்பவர்தான்.

இங்கே நம் வீடுகளுக்கே உரிய ஒரு சிக்கல் சேர்ந்துகொள்கிறது. தாய்க்கு ஆங்கிலம் வராது என்றால் மகளே மொழிபெயர்ப்பாளராகிறாள். தாய் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, ‘எனக்கு முடியவில்லை டாக்டர், நான் தூங்கி மாதக்கணக்காகிறது’ என்று அவள் எப்படிச் சொல்வாள்? தாயும் தன் மகளுக்கு முன்னால் சொல்ல வெட்கப்படும் விஷயங்களை விழுங்கிவிடுகிறார். சிறுநீர் கட்டுப்படாதது, மனம் சோர்ந்து கிடப்பது, சிலசமயம் வீட்டில் யாரோ கடிந்து பேசுவது என்று டாக்டர் அறைக்குள் வராமலே போகும் விஷயங்கள் பல. என்.எச்.எஸ். சர்ஜரிகளில் தமிழ் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்டு வாங்கலாம். அப்பாயிண்ட்மெண்ட் எடுக்கும்போதே சொல்லவேண்டும், இரட்டை நேரமும் கேட்கவேண்டும். மகள் கூட இருக்கலாம், ஆனால் மகளாக இருக்கலாம். பள்ளிப் பிள்ளைகளை மொழிபெயர்க்க வைப்பதைக் கண்டிப்பாக விடவேண்டும். பாட்டியின் புற்றுநோய் முடிவை பாட்டிக்குச் சொல்லும் பொறுப்பைப் பத்து வயதுப் பிள்ளையின் தலையில் வைப்பது கொடுமை.

பிள்ளைகளைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லவேண்டும். 18 வயதுக்குக் கீழே இருந்து பெற்றோரையோ உடன்பிறந்தவரையோ பார்த்துக்கொள்பவர்களை இளம் பராமரிப்பவர்கள் என்று சட்டம் ஏற்கிறது. அவர்களின் தேவையை மதிப்பிடும் கடமை கவுன்சிலுக்கு உண்டு. அப்படி ஒரு பிள்ளை இருப்பது சர்ஜரிக்கும் பள்ளிக்கும் தெரிந்திருக்கவேண்டும்.

அடிக்கடி சண்டை வரும் இடம் இரகசியக் காப்பு. மகள் போன் செய்து அம்மாவின் ரத்தப் பரிசோதனை முடிவைக் கேட்பாள். ‘உங்களிடம் சொல்ல முடியாது’ என்று பதில் வரும். அவமானமாக இருக்கும். மூன்று வேளையும் மருந்து கொடுப்பவளிடம் சொல்ல என்ன தடை என்று கோபம் வரும். விதி இதுதான்: நோயாளியின் சம்மதம் இல்லாமல் சர்ஜரி தகவலை வெளியே சொல்லக் கூடாது. ஆனால் நீங்கள் சொல்வதைக் கேட்க எந்தத் தடையும் இல்லை. ‘அம்மா மூன்று நாளாகச் சாப்பிடவில்லை, பேச்சு குழறுகிறது’ என்று மகள் சொன்னால் அதை டாக்டர் காதுகொடுத்துக் கேட்கலாம், பதிவிலும் எழுதலாம். அதற்கு யாருடைய கையெழுத்தும் தேவையில்லை. கேட்கவும் மறுக்கும் ரிசப்ஷனிடம் இந்த வித்தியாசத்தை அமைதியாக எடுத்துச் சொல்லலாம்.

சம்மதத்தை அம்மா நன்றாக இருக்கும்போதே எழுதிவைத்துவிட வேண்டும். ஒரு சம்மதப் படிவத்தில் அம்மா கையெழுத்திட்டால் பிறகு முடிவுகளை மகளிடம் சொல்லலாம். அதோடு, அம்மாவின் மருந்துச் சீட்டுகளை மகள் தன் போனிலிருந்தே கேட்டு வாங்கவும், அப்பாயிண்ட்மெண்ட் எடுக்கவும் என்.எச்.எஸ். ஆப்பில் பதிலாள் அனுமதியைச் சர்ஜரியிடம் கேட்கலாம். மறதி நோய் (டிமென்ஷியா) முற்றிய பிறகு சம்மதம் கேட்க முடியாது. அப்போது 2005 மனத்திறன் சட்டப்படி நோயாளியின் நலனுக்கு எது உகந்தது என்று பார்த்து முடிவெடுப்பார்கள். அந்த முடிவில், முடிந்த இடத்தில் பராமரிப்பவரைக் கலந்துபேச வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. உடல்நலம் தொடர்பான நிரந்தர அதிகாரப் பத்திரம் ஒன்றை முன்கூட்டியே பதிந்திருந்தால் மகளே முடிவெடுக்கலாம். டிமென்ஷியா என்று டாக்டர் சொன்ன நாளிலேயே குடும்பம் கூடிப் பேசவேண்டிய விஷயம் இது. ‘பிறகு பார்க்கலாம்’ என்பது இதற்கு மட்டும் பொருந்தாது.

சர்ஜரியால் எல்லாவற்றையும் செய்யவும் முடியாது. அது வேறு கதவுகளைக் காட்டுகிற இடம். 2019-க்குப் பிறகு இங்கிலாந்தின் சர்ஜரிகளில் ‘சோஷியல் பிரிஸ்க்ரைபர்’ என்று ஒருவர் இருக்கிறார். மருந்து எழுதுபவர் அல்ல. உட்கார்ந்து பேசி, எந்த உதவி எங்கே கிடைக்கும் என்று இணைத்துவிடுபவர். அவரைப் பார்க்கவேண்டும் என்று கேட்டால் கிடைப்பார். பகுதியில் இருக்கும் கேரர்ஸ் சென்டருக்கும் அவரே அனுப்பிவைப்பார்.

அவர் காட்டும் கதவுகளில் முதன்மையானது கவுன்சில். 2015-இல் நடைமுறைக்கு வந்த 2014 பராமரிப்புச் சட்டப்படி, பராமரிக்கும் வயதுவந்தவர் ஒருவருக்கு உதவி தேவைப்படலாம் என்று தெரிந்தாலே கவுன்சில் அவருடைய தேவையை மதிப்பிட்டாக வேண்டும். எத்தனை மணி நேரம் பார்க்கிறீர்கள், எவ்வளவு சம்பாதிக்கிறீர்கள் என்பது அந்த மதிப்பீட்டைப் பெறத் தடையல்ல. தாய் தனக்கு எந்த உதவியும் வேண்டாம் என்று மறுத்தாலும் மகள் தனக்காகக் கேட்கலாம். ஓய்வு, பயிற்சி, சில இடங்களில் ஒருதடவைப் பணம் என்று அதிலிருந்து ஏதாவது வரலாம். ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். மகளுக்கு ஓய்வு கொடுக்கத் தாயை இரண்டு வாரம் ஹோமில் வைத்தால், அந்தச் செலவைத் தாயின் வருமானத்தையும் சேமிப்பையும் பார்த்துத் தாயிடமே கேட்பார்கள். வேல்ஸுக்கும் ஸ்காட்லாந்துக்கும் இதே நோக்கமுள்ள தனிச் சட்டங்கள் உண்டு.

பணத்தைப் பற்றிப் பேசும்போது மேரி வெப்ஸ்டரை நினைக்காமல் இருக்க முடியாது. கிறிஸ்தவ சபை ஒன்றின் போதகராக இருந்தவர், 1954-இல் தன் 31-ஆம் வயதில் வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டார். 1963-இல் தன் நிலையைப் பத்திரிகைகளுக்கு எழுதினார். தன்னைப் போன்ற பெண்களிடமிருந்து கடிதங்கள் குவிந்தன. 1965-இல், மணமாகாமல் பெற்றோரைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்களுக்காக ஓர் அமைப்பை நிறுவினார். இன்றைய கேரர்ஸ் யுகே அதன் வழிவந்தது. 1976-இல் அரசு முதன்முதலாகப் பராமரிப்பவருக்கு ஓர் உதவித்தொகையைக் கொண்டுவந்தது. அதில் மணமான பெண்களை ஒதுக்கிவிட்டார்கள். எப்படியும் வீட்டில்தானே இருப்பார்கள் என்ற நினைப்புதான் காரணம். தாயைப் பார்ப்பதற்காக வேலையை விட்ட ஜாக்கி டிரேக் என்ற மணமான பெண் ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய் 1986-இல் அதை உடைத்தார். வீட்டிலிருக்கும் மருமகள் மாமியாரைப் பார்ப்பது கணக்கில் வராது என்று இன்றும் நினைப்பவர்கள் அந்த வழக்கை அறிந்திருக்கவேண்டும்.

அந்த உதவித்தொகைதான் இன்றைய கேரர்ஸ் அலவன்ஸ். வாரம் 35 மணி நேரமாவது பராமரிக்கவேண்டும், பராமரிக்கப்படுபவர் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் போன்ற ஒரு மானியம் பெறவேண்டும். 2025-26 நிதியாண்டில் தொகை வாரம் 83.30 பவுண்டாக இருந்தது. சம்பாத்தியமும் ஒரு வரம்பைத் தாண்டக் கூடாது; அந்த ஆண்டில் அது வரி முதலிய கழிவுகள் போக வாரம் 196 பவுண்ட். ஒரு பவுண்ட் தாண்டினாலும் அந்த வாரத்துக்கான முழுத்தொகையும் போய்விடும். அது தெரியாமல் வாங்கிவந்து, பிறகு ஆயிரக்கணக்கில் திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தவர்கள் நாடெங்கும் இருக்கிறார்கள். ஓவர்டைம் செய்கிற வாரங்களில் விசேஷக் கவனம் வேண்டும். விசாவில் ‘அரச நிதி இல்லை’ என்ற நிபந்தனை உள்ளவர்கள் இதற்கு விண்ணப்பிக்கும் முன் சட்ட ஆலோசனை கேட்பது நல்லது. சர்ஜரியில் பதிவதற்கும் ஃப்ளூ ஊசிக்கும் அந்த நிபந்தனை தடையல்ல. அங்கே குடிவரவு நிலையைக் கேட்கவேண்டிய அவசியமே இல்லை.

டாக்டரின் கையெழுத்து நேரடியாகப் பணமாகும் இடங்களும் இரண்டு உண்டு, இரண்டும் பலருக்குத் தெரியாதவை. வாரம் 20 மணி நேரமாவது பராமரிக்கும் ஒருவர், வேலைக்குப் போகாத வருடங்களிலும் தன் ஓய்வூதியக் கணக்கு அறுந்துபோகாமல் இருக்கக் கேரர்ஸ் கிரெடிட் பெறலாம். பராமரிக்கப்படுபவர் எந்த மானியமும் வாங்காவிட்டால், பராமரிப்பு தேவை என்று மருத்துவ அல்லது சமூகசேவைப் பணியாளர் ஒருவர் படிவத்தில் சான்று கொடுத்தால் போதும். டிமென்ஷியா முற்றிய தாயோ தந்தையோ வீட்டில் இருந்தால் கவுன்சில் வரி குறையலாம். அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் போன்ற மானியத்துக்கு அவர் தகுதிபெற்று, மனத்திறன் கடுமையாகக் குன்றியவர் என்று டாக்டர் சான்று கொடுத்தால், கவுன்சில் அவரைக் கணக்கில் எடுக்காது. மற்றபடி அந்த வீட்டில் ஒரே ஒரு வயதுவந்தவர்தான் என்றால் வரியில் கால் பங்கு குறையும். இந்தச் சான்றுக்கு ஜி.பி. கட்டணம் வாங்கக் கூடாது.

வேலைக்குப் போகிறவர்களுக்கு 2024 ஏப்ரலிலிருந்து, வருடத்தில் ஒரு வாரம் பராமரிப்பு விடுப்பு கேட்கும் உரிமை இருக்கிறது. வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே கேட்கலாம். சம்பளம் கிடைக்காது என்பதுதான் குறை. சம்பளமில்லாத ஒரு வாரத்தை எடுக்க வசதியுள்ளவர்கள் எத்தனை பேர் என்று இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் கேட்டிருக்கவேண்டும்.

ஆஸ்பத்திரியிலிருந்து தாயை வீட்டுக்கு அனுப்பும்போது மகளையும் கலந்துபேசித் திட்டமிடவேண்டும் என்று 2022-இலிருந்து சட்டம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலையில் ஒரு பை மருந்தோடு ஆம்புலன்ஸ் வாசலில் வந்து நின்றால், திங்கட்கிழமை காலையில் சர்ஜரியைக் கூப்பிடுங்கள். வீட்டில் பார்த்துக்கொள்ள நான் ஒருத்திதான் இருக்கிறேன், என்னால் என்ன முடியும், என்ன முடியாது என்று சொல்லுங்கள். முடியாததைச் சொல்ல வெட்கப்படவேண்டாம். மாவட்ட நர்ஸ், கமோட், குளியலறைப் பிடிகள், கட்டில் என்று எது வந்தாலும் அந்த ‘முடியாது’ என்பதைக் கேட்ட பிறகுதான் வரும்.

பராமரிப்பு ஒருநாள் முடியும். தாய் இறந்த பிறகும் கேரர்ஸ் அலவன்ஸ் எட்டு வாரம் வரை தொடரலாம், ஆனால் இறப்பை உடனே அறிவிக்கவேண்டும். நல்ல சர்ஜரி அந்த வாரமே மகளின் பதிவிலிருந்து குறிப்பை அழித்துவிடாது. சில வாரம் கழித்து ஒரு போன் செய்து கேட்கும். அப்படி யாரும் கூப்பிடாவிட்டால் நீங்களே கூப்பிடலாம். தூக்கமின்மை, காரணமில்லாத அழுகை, பகலெல்லாம் செய்ய ஒன்றும் இல்லாத பதற்றம் என்று எதுவானாலும் சொல்லலாம். இங்கிலாந்தில் என்.எச்.எஸ். பேச்சு சிகிச்சைக்கு ஜி.பி. கடிதம் இல்லாமல் நேரடியாகவே விண்ணப்பிக்க முடியும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்பதை அந்த விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள்.